மீட்டர் தாத்தா வெயிட் போட்ட கதை

மூடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பால் பாத்திரத்தின் மூடி சமையல் மேடையிலிருந்து உருண்டது. அது கீழே விழுவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று மீட்டர் தாத்தா பாய்ந்தார். தரையில் கொஞ்சம் தண்ணீர் சிந்தியிருந்தது. மூடி டங்கென்று விழுந்து, இரண்டு சுற்றுச் சுற்றி, சமர்த்தாக நின்றது. தாத்தாதான் எழுந்திருக்கவில்லை.

இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மறுநாளே ஆபரேஷன். உள்ளே ஒரு கம்பி வைத்து, திருகாணி போட்டு முடுக்கினார்கள்.

கண் விழித்ததும் தாத்தா கேட்ட முதல் கேள்வி, "சுண்டு, உன் பென்சில் பெட்டியில காந்தம் இருக்குல்ல? கொண்டு வா."

சுண்டு அவருக்குப் பேத்தி முறை. பிறந்தபோது சுண்டெலி அளவுதான் இருந்தாளாம். இப்போது ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அவள் காந்தத்தைக் கொண்டுவந்து போர்வைமேல் வைத்துப் பார்த்தாள்.

"ஒட்டலை தாத்தா."

"ஏமாத்திட்டாங்க! இரும்புன்னு சொல்லி என்னத்தையோ வெச்சிருக்காங்க."

இருவரும் சிரித்ததில் பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்துவிட்டார்.

மீட்டர் தாத்தா அம்மாவின் சித்தப்பா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையில் இருந்த காலம் முழுக்க வீடு வீடாக நடந்து மின்சார மீட்டரில் ரீடிங் எடுத்தவர். தெரு நாய்கள் எல்லாம் அவரைக் கண்டால் குரைக்காது, எழுந்து வழி விடும். நடந்து நடந்தே உடம்பு குச்சியாகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு சுண்டுவின் வீட்டோடு வந்துவிட்டார். தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து சுண்டுவை நடத்திக் கூட்டிவருவது அவர்தான். வழியில் ஒவ்வொரு வீட்டு மீட்டரையும் ஓரக்கண்ணால் பார்ப்பார்.

"இந்த வீட்டுல ஏசி ராத்திரி பூரா ஓடியிருக்கு. பில் வரட்டும், அப்ப வேர்க்கும்" என்பார்.

வீட்டுக்குப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று, பெரிய மாமா வந்து சேர்ந்தார்.

பெரிய மாமா அம்மாவின் அண்ணன். ஒரு பெரிய அலுவலகத்தில் துணைப் பொது மேலாளராக இருந்தவர். அலுவலகம் அவரை விட்டுவிட்டது, அவர்தான் அதை விடவில்லை. கல்யாணப் பந்தியில் யார் எங்கே உட்காருவது என்றால்கூட எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "முதற்கட்டமாக..." என்று ஆரம்பிப்பார்.

டாக்டரின் அறை வாசலில் மாமா கையைக் குறுக்கே நீட்டினார்.

"எல்லாரும் உள்ள போனா டாக்டருக்குக் குழப்பமா இருக்கும். நீங்க இங்கயே இருங்க. நான் பேசிக்கறேன்."

உள்ளே போனார். "புரியுது டாக்டர். நல்லாவே புரியுது டாக்டர். சொல்லவே வேண்டாம் டாக்டர்" என்று மூன்று தரம் அவர் குரல் கேட்டது. டாக்டர் குரல் கேட்கவில்லை. மாமா பேசும்போது யார் குரலும் கேட்காது.

வெளியே வந்தவர் முகத்தில் வெற்றிக் களை.

"என்ன சொன்னார் அண்ணா?" என்றாள் அம்மா.

"ஒரே விஷயம்தான். சித்தப்பா நல்லா வெயிட் போடணும். வெயிட் போடப் போடத்தான் எலும்பு சீக்கிரம் கூடுமாம். நாளையிலிருந்தே ஆரம்பிக்கச் சொல்லிட்டார்."

"பாத்தீங்களா! இதைத்தானே நான் வருஷக்கணக்கா சொல்றேன்? கொஞ்சமாவது சதை போடுங்க சித்தப்பான்னு! நான் சொன்னா யார் கேக்கறாங்க?"

தாத்தா பரிதாபமாகச் சுண்டுவைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா ஹாலின் நடுவில் நின்றார். திட்டம் தயாராக இருந்தது. முதற்கட்டம், முழு ஓய்வு. தாத்தாவின் கால் தரையில் படக் கூடாது. இரண்டாம் கட்டம், சாப்பாடு. மூன்றாம் கட்டம், ஞாயிறுதோறும் எடை பார்ப்பது.

"கால் ஏன் தரையில படக் கூடாது மாமா?" என்று சுண்டு கேட்டாள். "ஆஸ்பத்திரியில ரெண்டு தடவை நிக்க வெச்சாங்களே?"

"அது படுக்கை விரிப்பை மாத்தறதுக்காக. நடந்தா என்ன ஆகும்? சாப்பிட்டது எல்லாம் கரைஞ்சு போயிடும். அப்புறம் எப்படி வெயிட் போடறது?"

"அப்ப தாத்தா எப்ப நடப்பார்?"

"வெயிட் போட்ட பிறகு."

"எவ்வளவு போடணும்?"

"அது நாலாவது கட்டத்துல வரும்."

"மூணு கட்டம்னுதானே சொன்னீங்க?"

"பாப்பா, உள்ள போய்ப் படி."

தலைமாட்டைத் தூக்கி இறக்கும் கைப்பிடி வைத்த கட்டில் வாடகைக்கு வந்தது. பகல் முழுக்க உடனிருக்க ஓர் உதவியாள் அக்கா வந்தார். பால்பவுடர் மாதிரி ஒரு மாவு டப்பா டப்பாவாக வந்தது. எடை பார்க்கும் மெஷின் ஒன்றும் வந்தது. வட்டமாக, முள் வைத்தது. மாமாவே கடைக்குப் போய்த் தேர்ந்தெடுத்தார். பணத்தை அப்பா கொடுத்தார்.

"செலவை மாப்பிள்ளை பாத்துக்கட்டும். திட்டத்தை நான் பாத்துக்கறேன்" என்று மாமா பொறுப்பைச் சரிபாதியாகப் பிரித்திருந்தார்.

அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். காலையில் ஒரு சவாரி, மாலையில் ஒரு சவாரி. இப்போது நடுவில் காய்கறி மார்க்கெட்டுக்கும் ஒரு சவாரி போனார். அதனால் சாயங்காலம் வேனில் ஏறும் பிள்ளைகள் எல்லாரும் வெங்காய வாசனையோடு வீட்டுக்குப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு வாக்கரும் கொடுத்திருந்தார்கள். நான்கு கால், மேலே பிடித்துக்கொள்ளக் கம்பி. நடக்கக் கூடாத வீட்டில் அதற்கு என்ன வேலை? அம்மா அதில் துண்டு காயப்போட்டாள்.

முதல் ஞாயிறு வந்தது. ஒரு சிக்கலும் கூடவே வந்தது. எடை பார்க்க வேண்டுமானால் மெஷின்மேல் நிற்க வேண்டும். தாத்தாவோ நிற்கக் கூடாது.

மாமா கண்ணை மூடி யோசித்தார். "மாப்பிள்ளை, நீங்க முதல்ல ஏறுங்க. அப்புறம் சித்தப்பாவைத் தூக்கிக்கிட்டு ஏறுங்க. இதுலேருந்து அதைக் கழிச்சா வந்துடும்."

அப்பா ஏறினார். இறங்கினார். தாத்தாவைக் குழந்தைபோல் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறினார். மெஷின் கிறீச்சென்றது.

"மச்சான், சீக்கிரம் பாருங்க, கை வலிக்குது!"

"அசையாதீங்க மாப்பிள்ளை, முள் ஆடுது."

"முள் ஆடலை. நான்தான் ஆடறேன்."

தாத்தா அந்தரத்திலிருந்து, "டேய் பெரியவனே, இந்த வயசுல என்னை இடுப்புல தூக்கி வெச்சிட்டீங்களே. நிலா காட்டிச் சோறு ஊட்டறதுதான் பாக்கி" என்றார்.

சுண்டு கழித்தல் கணக்குப் போட்டாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்ததைவிடத் தாத்தாவின் எடை கூடவே இல்லை.

கூடாததற்குக் காரணம் சுண்டுவுக்குத் தெரியும். அசையாமல் படுத்திருப்பவருக்குப் பசி எங்கிருந்து வரும்? அம்மா வைத்துவிட்டுப் போகும் முட்டையையும் வாழைப்பழத்தையும் தாத்தா மெதுவாக அந்த உதவியாள் அக்காவின் பக்கம் தள்ளிவிடுவார். அக்காவும் பெரியவர் பேச்சைத் தட்டாதவர். அந்த வீட்டில் திட்டப்படி வெயிட் போட்ட ஒரே ஆள் அவர்தான்.

"எனக்கு இங்க ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று அவர் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

தாத்தாவுக்குத்தான் பிடிக்கவில்லை. வரவரப் பேச்சு குறைந்தது. ஜோக்கும் குறைந்தது. போர்வைக்கு வெளியே தெரிந்த கால் இன்னும் மெலிந்திருந்தது. பாத்ரூமுக்குக்கூட யாராவது தூக்கித்தான் போக வேண்டும். அந்த நேரத்தில் மட்டும் அவர் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கழித்தலில் கால் கிலோ கூடியிருந்தது. "முன்னேற்றம்! ஆனா வேகம் போதாது" என்றார் மாமா. பைக்குள்ளிருந்து பளபளப்பான ஒரு தாளை எடுத்தார். அது ஒரு முதியோர் இல்லத்தின் விளம்பரம்.

"வீட்டுல வெச்சுப் பாக்கறது சரிப்படாது. அங்க எல்லா வசதியும் இருக்கு. பெரிய டாக்டரை இந்த வெள்ளிக்கிழமை பாத்துட்டு, வர ஒண்ணாம் தேதி அங்க சேத்துடுவோம். இடம் சொல்லி வெச்சிட்டேன்."

"உங்க வீட்டுல கொஞ்ச நாள் இருக்கலாமே மாமா?" என்றாள் சுண்டு. மாமா வீட்டில் காலியாகவே இரண்டு அறைகள் உண்டு.

"எங்க வீட்டுத் தரை ரொம்ப வழவழன்னு இருக்கும் பாப்பா. அவ்வளவு விலை. வயசானவங்களுக்கு ஆகாது."

விளம்பரத் தாளில் ஒரு வயதானவர் ரோஜாப்பூவைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். தாத்தா அதைத் தூக்கிப் பார்த்தார்.

"இவர் ஏன் சுண்டு இப்படிச் சிரிக்கிறார்?"

"போட்டோ எடுத்து முடிஞ்சதும் அவர் வீட்டுக்குப் போயிடுவார்ல, அதான்."

தாத்தா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். ஆனால் சீக்கிரமே நிறுத்திவிட்டார்.

மறுநாள் வாசலில் ஓர் ஆள் அப்பாவின் வேனைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடினார். டயரை எட்டி உதைத்தார். "வெங்காய வாசனை வருதே" என்று விலையைக் குறைத்தார்.

"வேனை விக்கப் போறீங்களாப்பா?" என்று சுண்டு கேட்டாள்.

"இல்லத்துல சேக்கணும்னா முன்பணம் கட்டணும்ல? ஆபரேஷனுக்கே இருந்ததெல்லாம் போச்சு. நான் வேற யார்கிட்டயாவது வேன் ஓட்டிக்கறேன். விடு."

அவர் 'விடு' என்று சொன்ன விதத்திலேயே அது அவரால் விட முடியாதது என்று தெரிந்தது.

ஜன்னல் வழியாகத் தாத்தாவும் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"சுண்டு, நான் அந்த ரோஜாப்பூக்காரரோடயே போயிடறேன்மா. ஆனா உங்கப்பாகிட்ட வேனை மட்டும் விக்க வேணாம்னு சொல்லு. என் பென்ஷன்ல எவ்வளவு முடியுமோ அவ்வளவு வசதி இருக்கற இடமாப் பாக்கட்டும்."

"நீங்க போனா சாயங்காலம் என்னை யாரு கூட்டிட்டு வருவா?"

தாத்தா சுவர்ப் பக்கம் திரும்ப முயன்றார். அதற்கும் உதவியாள் அக்காவைக் கூப்பிட வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தாத்தா சக்கர நாற்காலியில். மாமா முன்னால், கையில் கோப்போடு. வரிசை நீளமாக இருந்தது. மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் எலும்பைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். சுண்டு மெல்ல நழுவினாள்.

தாழ்வாரத்தின் கோடியில் ஒரு பெரியம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல பருமன். நல்ல உயரம். வாக்கர் அவர் கையில் பொம்மைபோல் இருந்தது. எதிரே நீலச் சட்டை போட்ட பயிற்சியாளர் அண்ணா ஒருவர், பின்னோக்கி நடந்தபடி சொல்லிக்கொண்டிருந்தார்:

"வெயிட் போடுங்கம்மா. பயப்படாதீங்க. இன்னும் நல்லா வெயிட் போடுங்க."

சுண்டு அப்படியே நின்றுவிட்டாள். இன்னுமா?

"இது போதாதும்மா, இன்னும் போடணும்!" என்றார் அந்த அண்ணா.

சுண்டுவுக்குப் பொறுக்கவில்லை. அருகில் போனாள். எப்படிக் கேட்டால் அந்தப் பெரியம்மாவுக்கு மனசு கஷ்டப்படாது என்று யோசித்தாள். அப்படி ஒரு வழியும் தோன்றவில்லை.

"அண்ணா... இவங்களுக்கு எதுக்கு வெயிட் போடச் சொல்றீங்க? இவங்க... வந்து... ஏற்கெனவே நல்லாத்தானே இருக்காங்க?"

பெரியம்மா ஒரு கணம் முழித்தார். அப்புறம் வாக்கர் கடகடவென்று ஆடும்படி சிரித்தார்.

"நல்லா கேட்டடி கண்ணு! இதுக்கு மேல போட்டா இந்த ஆஸ்பத்திரி தாங்காது. உடம்புல வெயிட் போடச் சொல்லலை. கால்ல! இதோ பாரு, ஆபரேஷன் பண்ணின கால் இது. இதைச் சும்மா தரையில தொட்டுட்டு எடுத்துடறேனாம். அப்படி இல்லாம, என் உடம்பு பாரத்தை இது மேல இறக்கி ஊணணுமாம். அதுக்குப் பேருதான் இவங்க பாஷையில வெயிட் போடறது."

"எப்ப ஆபரேஷன் ஆச்சு உங்களுக்கு?"

"போன வாரம்."

சுண்டு திரும்பிப் பார்த்தாள். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் மாமா விரலை நீட்டி விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தாத்தாவின் இரண்டு கால்களும் நாற்காலியிலிருந்து தரையைத் தொடாமல் தொங்கின.

அவள் ஓடிவந்தபோது தாத்தாவின் முறை வந்துவிட்டது. அப்பா நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும், மாமா வழக்கம்போல் வாசலில் கையைக் குறுக்கே நீட்டினார். சுண்டு குனிந்து அந்தக் கைக்கு அடியில் புகுந்துவிட்டாள். இந்த ஒரு தடவை சுண்டெலியாக இருப்பது வசதியாக இருந்தது.

"நடக்கிறாரா?" என்று கேட்டார் டாக்டர்.

"இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரலை டாக்டர்" என்று மாமா கோப்பைத் திறந்தார். "நீங்க சொன்னபடி வெயிட் போட வெச்சிட்டிருக்கோம்."

"நல்லது. எவ்வளவு போடறார்?"

"கால் கிலோ."

டாக்டர் நிமிர்ந்தார். "கால்ல கால் கிலோவா?"

"கால்ல எவ்வளவுன்னு தனியாப் பாக்கலை டாக்டர். மொத்தமா கால் கிலோ."

"மொத்தமாவா? அவ்வளவு வலி இருக்கா?"

"வலி இல்லை. பசிதான் இல்லைங்கறார்."

டாக்டர் மாமாவைப் பார்த்தார். மாமா டாக்டரைப் பார்த்தார். இருவருமே புரிந்ததுபோல் தலையை ஆட்டிக்கொண்டார்கள். இப்படியே விட்டால் சாயங்காலம்வரை ஆட்டுவார்கள் என்று சுண்டுவுக்குத் தோன்றியது.

"டாக்டர், ஒரே ஒரு கேள்வி" என்றாள். "வெயிட் எங்க போடணும்? உடம்புலயா, கால்லயா?"

"கால்லதாம்மா. வேற எங்க?"

அப்பாவும் தாத்தாவும் மெதுவாக மாமா பக்கம் திரும்பினார்கள். மாமா தலைக்குமேல் சுற்றிய மின்விசிறி எந்தக் கம்பெனி என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இத்தனை நாளா..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"படுக்கையிலதான்" என்றார் தாத்தா. "வாயில போட்டாங்க. கால்ல போடலை."

டாக்டர் மாமாவை முறைத்தார். "நான்தான் தெளிவா சொன்னேனே?"

"'வெயிட் போடணும்'னு சொன்னீங்க" என்றாள் சுண்டு. "எங்கேன்னு சொன்னீங்களா?"

டாக்டர் யோசித்தார். இருமினார். தண்ணீர் குடித்தார். பிறகு மிகவும் பணிவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "ஆபரேஷன் பண்ணின காலைத் தரையில நல்லா ஊணி, வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு, தினமும் நடக்கணும். இன்னைக்கே ஆரம்பிக்கணும். படுத்தே இருந்தா இருக்கற வலுவும் போயிடும். தானா எழுந்து பாத்ரூம் வரைக்கும் போய் வந்துட்டார்னா, நாள் பூரா ஆள் வேணாம். அந்தக் கட்டில்கூட வேணாம்."

"இல்லம்?" என்றார் அப்பா.

"எதுக்கு?" என்றார் டாக்டர்.

மாமா கோப்பை மூடினார். "ஒண்ணாம் தேதிக்கு இடம் சொல்லியாச்சு. அன்னைக்குக் காலையில வருவேன். அதுக்குள்ள சித்தப்பா தானா நடந்தா சரி. இல்லைன்னா இல்லம்தான். திட்டம்னா திட்டம்."

வீட்டுக்கு வந்ததும் வாக்கரிலிருந்து துண்டுகள் இறங்கின. தாத்தா எழுந்து நின்றார். அப்பா பின்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

நின்றார்தான். ஆனால் கொக்கு மாதிரி. நல்ல காலில் முழு உடம்பும். ஆபரேஷன் கால், சுடுதண்ணீர் சூட்டைப் பார்ப்பதுபோல், தரையைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது.

"வெயிட் போடுங்க தாத்தா."

"போட்டுட்டேன்."

"போடலை."

"போட்டாச்சு சுண்டு. நீ பாக்கலை."

அடுத்த நாளும் இதே கதை. நாலு தத்தல், உடனே கட்டில். அம்மா கெஞ்சினாள். உதவியாள் அக்கா, "போடுங்க பெரியவரே, நான் கத்துக்கிட்டு வந்ததே நடக்க வெக்கத்தான்" என்றார். அதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று அம்மா கேட்டாள். "உங்க அண்ணன் என்னை எங்க பேச விட்டார்?" என்றார் அக்கா.

எல்லாரும் போன பிறகு தாத்தா சுண்டுவிடம் மட்டும் சொன்னார்: "பயமா இருக்கு. ஊணினா மறுபடி உடைஞ்சிடுமோன்னு. காலுக்குள்ள என்ன நடக்குதுன்னு கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது பாரு."

கண்ணுக்குத் தெரியவில்லை. அதுதானா விஷயம்?

சுண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். எடை மெஷினை வெளியே இழுத்தாள். ஆஸ்பத்திரியில் வாங்கி வந்திருந்த பயிற்சியாளர் அண்ணாவின் எண்ணுக்கு அப்பாவைக் கூப்பிடச் சொன்னாள்.

"அண்ணா, தாத்தாவோட ஆபரேஷன் காலை மட்டும் எடை பாக்கற மெஷின்மேல வெச்சா, எவ்வளவு வெயிட் போடறார்னு தெரியும்ல?"

மறுமுனையில் சிரிப்பு. "அட! நாங்களே சில பேருக்கு அப்படிப் பண்றதுண்டு. பண்ணலாம். இன்னொரு காலுக்குக் கீழ அதே உயரத்துக்குப் பலகை வெச்சுடுங்க. கை வாக்கர்ல இருக்கட்டும். அப்பா பின்னாடி நிக்கட்டும். கொஞ்சம் கொஞ்சமா, சரியா?"

பலகை வந்தது. தாத்தா நின்றார். ஒரு கால் பலகையில், ஒரு கால் மெஷினில்.

"போடுங்க தாத்தா."

"போட்டுட்டேன்."

சுண்டு தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தாள். "ரெண்டு கிலோ."

"பொய்! குறைஞ்சது இருவது இருக்கும்."

"ரெண்டுதான்."

"ரீடிங் எடுக்கத் தெரியுதா உனக்கு? முள்ளை நேராப் பாக்கணும். பக்கவாட்டுல பாத்தா தப்பாத்தான் தெரியும்."

"நேராத்தான் பாக்கறேன். ரெண்டு."

வேலைக்காலம் முழுக்க ரீடிங் எடுத்தவரிடம், அவர் காலடியிலேயே ஒருத்தி தப்பு ரீடிங் சொல்வதா? தாத்தாவால் தாங்க முடியவில்லை. "தள்ளு, நான் பாக்கறேன்" என்று முள்ளைப் பார்க்க அந்தப் பக்கம் சாய்ந்தார்.

முள் நகர்ந்தது.

"எட்டு!" என்றாள் சுண்டு.

"எங்க? எட்டா? சரியாப் பாரு." இன்னும் சாய்ந்தார்.

"பன்னெண்டு! தாத்தா, அசையாதீங்க, பன்னெண்டு!"

தாத்தா அப்படியே நின்றார். முள்ளையே பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார். உடையவில்லை. கொஞ்சம் வலித்தது, அவ்வளவுதான்.

"பன்னெண்டே கால்" என்றார் கடுமையாக. "ரீடிங்னா ரீடிங். கால் கிலோவை விடக் கூடாது."

அன்று சாயங்காலம் அவரே கேட்டார்: "சுண்டு, மீட்டரை எடுத்துட்டு வா."

அதன் பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லை. காலையில் ஒரு ரீடிங், மாலையில் ஒரு ரீடிங். பதினைந்து வந்தது. இருபது வந்தது. அப்பா மார்க்கெட்டிலிருந்து போன் செய்து, "இப்ப எவ்வளவு?" என்று கிரிக்கெட் ஸ்கோர்போல் கேட்டார். ஒருநாள் ஒரு கிலோ குறைந்துவிட்டது. தாத்தா அன்று முழுக்க மெஷினோடு பேசவில்லை.

உடம்பில் பாதி எடை அந்தக் காலில் இறங்கிய அன்று, மெஷினிலிருந்து இறங்கி, வாக்கரைத் தள்ளி, ஓர் அடி வைத்தார். பிறகு இன்னொன்று. கதவுவரை போனார். நடந்த மனிதருக்குப் பசித்தது. வாழைப்பழத்தை அவரே தின்றார். உதவியாள் அக்கா காலித் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

ஒருநாள் காலையில் கட்டில் காலியாக இருந்தது. அம்மா பதறிவிட்டாள். பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர்ச் சத்தமும், சுருதி சேராத ஒரு பழைய பாட்டும் கேட்டன.

"சித்தப்பா! யார் தூக்கிட்டு வந்தா உங்களை?"

"யாரும் தூக்கலை. கதவைத் தட்டாதே. நிம்மதியா இருக்க விடு."

அம்மா கதவுக்கு வெளியே நின்று, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாடகைக் கட்டில் திரும்பிப் போனது. உதவியாள் அக்கா, குளிக்கும் நேரத்துக்கு மட்டும் காலையில் ஒரு மணி நேரம் வந்தால் போதும் என்றானது. அவருக்கு அடுத்த தெருவிலேயே வேறு வீடு கிடைத்துவிட்டது. அப்பா கணக்குப் பார்த்தார். டயரை உதைத்த ஆள் மறுபடி வந்தபோது, "வேன் விக்கறதுக்கில்லை. உதைக்கறதா இருந்தா வேற வண்டியைப் பாருங்க" என்றார்.

ஒண்ணாம் தேதி வந்தது. சொன்னபடி மாமாவும் வந்தார். ஒரு காரோடு, ஒரு காலிப் பெட்டியோடு, அந்தப் பளபளப்புத் தாளோடு. அழைப்பு மணியை அழுத்தினார்.

உள்ளே டொக் என்று ஒரு சத்தம். அப்புறம் ஒரு காலடி. மறுபடி டொக். மறுபடி காலடி. அவசரமே இல்லாமல் அது வாசலை நோக்கி வந்தது. தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது.

"வாடா பெரியவனே" என்றார் தாத்தா. "உள்ள வா. தரை வழவழன்னு இல்லை, பயப்படாதே."

மாமா தாத்தாவைப் பார்த்தார். வாக்கரைப் பார்த்தார். இரண்டு காலும் தரையில் அழுத்தமாக ஊன்றியிருப்பதைப் பார்த்தார். பெட்டியை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

மாமாவின் காது சிவந்தது. அதைப் பார்க்கச் சுண்டுவுக்கே என்னவோபோல் இருந்தது.

"நீங்க தேர்ந்தெடுத்த மெஷின்தான் மாமா" என்றாள் அவள். "அது இல்லைன்னா தாத்தா நடந்திருக்கவே மாட்டார். நெஜமாவே."

மாமாவின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. தோள் நிமிர்ந்தது. தொண்டையைச் செருமினார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வீடு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்:

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே! வெயிட் போட்டா எல்லாம் சரியாயிடும்னு!"

"முழுக்கச் சரி மாமா" என்றாள் சுண்டு. "என்ன, போட வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் மேல சொல்லிட்டீங்க. அவ்வளவுதான்."